மிஸ்ஸுக்குச் சம்பளம் போடுவது யார்?

அவன் கணக்கு நோட்டின் பின்னட்டைக்குள் மூன்று விசிட்டிங் கார்டுகள் இருந்தன. மூன்றிலும் அதே கவுண்டி முத்திரை, அதே அலுவலக முகவரி. பெயர்தான் வேறு. ஒவ்வொன்றிலும் ஒரு கைபேசி எண்ணைப் பேனாவால் எழுதிக் கொடுத்திருந்தார்கள். முதல் கார்டு ஓரமெல்லாம் நைந்து பஞ்சாகியிருந்தது. மூன்றாவதில் ஒரு மடிப்புகூட விழவில்லை.

"இதுல இப்ப உன் மிஸ் யாரு?" என்று கேட்டேன்.

மூன்றாவதைத் தொட்டுக் காட்டினான். பெயரைச் சொல்லவில்லை. அவனுக்கு அது இன்னும் மனதில் நிற்கவில்லை என்று நினைக்கிறேன். பதினோரு மாதத்தில் மூன்று பேர்.

நான் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், ஹூஸ்டனுக்கு வெளியே ஒரு கவுண்டியில் இருக்கிறேன். கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி. பிழைப்பு கணக்கெழுதுவது. சனிக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம், நீதிமன்றக் கண்காணிப்பில் இருக்கும் பிள்ளைகளுக்கு அல்ஜீப்ரா சொல்லிக் கொடுக்கிறேன். இங்கே பிள்ளைகள் பெண்களை 'மிஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள், நம்மூர்ப் பள்ளிக்கூடம் மாதிரியே. நானும் மிஸ், அவர்களுடைய நன்னடத்தை அலுவலரும் மிஸ். அந்தப் பையனை அடையாளம் காட்டக்கூடிய எல்லாவற்றையும் இந்தக் கட்டுரையில் மாற்றியிருக்கிறேன். சம்பள விஷயத்தில் நான் பார்த்ததை மட்டும் மாற்றவில்லை.

டெக்சஸ் சட்டப்படி 10 வயது நிறைந்து 17 ஆகாத பிள்ளை குற்றத்தில் மாட்டினால் வழக்கு சிறார் நீதிமன்றத்துக்குப் போகும். பிடித்து அடைத்து வைத்தால், பொதுவாக இரண்டாவது வேலை நாளுக்குள் நீதிபதி முன் நிறுத்தியாக வேண்டும். வீட்டில் யார் இருக்கிறார்கள், பள்ளிக்கூடம் போகிறானா, வெளியே விட்டால் திரும்பி வருவானா என்று நீதிபதி கேட்கும்போது பதில் சொல்வது பெரும்பாலும் நன்னடத்தை அலுவலர்தான். அவர் எழுதும் அறிக்கையை வைத்துத்தான் பிள்ளை வீட்டுக்கா, விடுதிக்கா என்பது முடிவாகிறது. அப்புறம் மாதக்கணக்கில் அவனைப் பின்தொடர்ந்து போவதும் அவரே. ராத்திரி ஒன்பது மணிக்குக் கதவைத் தட்டி ஆள் இருக்கிறானா என்று பார்க்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் சண்டை என்றால் அங்கே ஓட வேண்டும்.

முதல் கார்டின் மிஸ்ஸை எனக்குத் தெரியும். ஒரு சனிக்கிழமை அவருக்கு வேலை இல்லாத நாளில் வகுப்புக்கு வந்தார். பையனின் கணுக்காலில் ஜிபிஎஸ் பட்டை கட்டியிருந்தது. அதற்குத் தினமும் சார்ஜ் ஏற்ற வேண்டும். ஏறும்வரை காலை ஒயரோடு சேர்த்து வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். எங்கள் அறையில் பிளக் பாயிண்ட் சுவரோரம் மட்டும். அதனால் அவன் இரண்டு வாரமாக மற்றப் பிள்ளைகளோடு மேசையில் உட்காராமல் சுவரை ஒட்டித் தரையில் தனியாக உட்கார்ந்திருந்தான். நான் அதைக் கூச்சம் என்று நினைத்திருந்தேன். இந்த அம்மா உள்ளே நுழைந்தார், ஒரு நிமிஷம் பார்த்தார், காருக்குப் போய் ஆரஞ்சு நிறத்தில் நீளமான எக்ஸ்டென்ஷன் ஒயர் ஒன்றை எடுத்து வந்தார். சுவரிலிருந்து மேசைக்கடி வரை இழுத்து, யாரும் தடுக்கி விழாதபடி தரையோடு டேப் ஒட்டினார். "இப்ப மேசைக்கு வா" என்றார். அவ்வளவுதான். அவன் வந்தான். அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒரு கணக்கைக் கடைசிவரை போட்டான்.

ஆறு மாதம் கழித்து அவர் பக்கத்து கவுண்டிக்குப் போய்விட்டார். அதே வேலை, அதே மாநிலச் சான்றிதழ், இருபது மைல் தள்ளி. சம்பளம் அங்கே கூட. டெக்சஸில் 254 கவுண்டிகள் இருக்கின்றன. இந்த வேலைக்கு இவ்வளவு என்று எல்லாவற்றுக்கும் பொதுவான சம்பளம் கிடையாது. ஒவ்வொரு கவுண்டியும் தனித்தனியாக முடிவு செய்கிறது. போகும்போது எனக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினார்: "ரெண்டு பிள்ளைங்களை வச்சுக்கிட்டு இந்தச் சம்பளத்துல முடியல." அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

கணக்கு பார்க்கிறவள் என்பதால் என் கை தானாகவே கவுண்டி பட்ஜெட் புத்தகத்துக்குப் போனது. படிக்கப் படிக்கத்தான் புரிந்தது, இது ஒரு கையெழுத்தில் முடிகிற விஷயம் இல்லை என்று.

இங்கே கவுண்டியை ஆள்வது 'கமிஷனர்ஸ் கோர்ட்'. பெயரில்தான் கோர்ட். அது நாம் நினைக்கிற நீதிமன்றம் இல்லை. நான்கு கமிஷனர்களும் தலைமை தாங்கும் 'கவுண்டி ஜட்ஜ்' ஒருவருமாக ஐந்து பேர் கொண்ட நிர்வாக மன்றம். சொத்து வரி விகிதத்தையும் செலவையும் முடிவு செய்கிறவர்கள் இவர்களே. கவுண்டி நிதியிலிருந்தே முழுச் சம்பளமும் வாங்குகிற ஊழியர்களுக்கு எவ்வளவு என்பதும் இவர்கள் கையில்.

ஆனால் நன்னடத்தை அலுவலர் அந்த வரிசையில் நேராக வருவதில்லை. அவருக்குத் தனியாக 'ஜுவனைல் போர்டு' என்ற ஒன்று உண்டு. பெரும்பாலும் அந்த வட்டார நீதிபதிகளும் கவுண்டி ஜட்ஜும் சேர்ந்தது. நன்னடத்தைத் துறையை அமைப்பது, ஆள் எடுப்பது, துறைக்கான பட்ஜெட்டைத் தயாரிப்பது எல்லாம் அந்த வாரியத்தின் பொறுப்பு. மனிதவளச் சட்டத் தொகுப்பின் 142.002ஆம் பிரிவு, கமிஷனர்ஸ் கோர்ட்டின் 'ஆலோசனையும் சம்மதமும்' பெற்று வாரியம் அலுவலர்களை நியமிக்கலாம் என்கிறது. 152.0012ஆம் பிரிவு இன்னும் நுணுக்கமானது. வாரியம் பட்ஜெட் போடும். அதில் கவுண்டியின் வரி, கட்டணம் போன்ற சொந்த வருவாயிலிருந்து வரும் தொகையை மட்டும்தான் கமிஷனர்ஸ் கோர்ட் பரிசீலிக்கலாம். மாநில அரசு தரும் பணத்திலிருந்து வரும் பகுதியை அது தொட்டுப் பார்க்கக்கூட அதிகாரம் இல்லை.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு அலுவலக அறையைக் கற்பனை செய்யுங்கள். பக்கத்துப் பக்கத்து மேசையில் இரண்டு அலுவலர்கள், ஒரே மாதிரி கோப்புகள். ஒருவருடைய சம்பளம் கவுண்டி பொது நிதியிலிருந்து, இன்னொருவருடையது மாநில மானியத்திலிருந்து. சம்பளச் சீட்டில் கவுண்டி பெயர், மருத்துவக் காப்பீடும் கவுண்டியுடையது. வேலைக்கு எடுத்ததோ நீதிபதிகளின் வாரியம். வருஷாவருஷம் கவுண்டி தன் ஊழியர்களுக்கு ஊதிய உயர்வு அறிவிக்கும்போது அந்த இரண்டாவது மேசைக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார். மானியம் அதே அளவில் நின்றுவிட்டால் அவருடைய உயர்வுக்கு யார் பணம் போடுவது?

ஆகஸ்ட் மாதம் பட்ஜெட் விசாரணைக்குப் போனேன். பொதுமக்கள் பேச ஆளுக்கு மூன்று நிமிஷம். பேசுகிற மேடைக்கு எதிரே ஒரு சின்ன விளக்குப் பெட்டி, பச்சை, மஞ்சள், சிவப்பு. எனக்கு முன்னால் பேசிய ஆறு பேரில் ஐந்து பேர் சொத்து வரியைக் குறைக்கச் சொன்னார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. இந்த மாநிலத்தில் வருமான வரி கிடையாது, அதனால் வீட்டு வரி கழுத்தைப் பிடிக்கிறது. நானும் வருஷாவருஷம் மதிப்பீட்டை எதிர்த்து மனு போடுகிறவள்தான். 2019இல் வந்த சட்டம் வேறு இருக்கிறது. வாக்காளரைக் கேட்காமல் கவுண்டி தன் சொத்து வரி வருவாயை உயர்த்துவதற்கு முன்பு 8 சதவீதம் உச்சவரம்பு இருந்தது, அதை 3.5 ஆக்கிவிட்டார்கள். புதிதாக எழும்புகிற வீடுகளின் வரி இதில் சேராது, ஆனாலும் கை இறுகித்தான் போயிருக்கிறது.

நான் நன்னடத்தை அலுவலர்கள் சம்பளத்தைப் பற்றிப் பேசி முடித்ததும் ஒரு கமிஷனர், மரியாதையாகத்தான், சொன்னார்: "நீங்க சொல்றது நியாயம். ஆனா அது ஜுவனைல் போர்டு முடிவு. நாங்க அவங்க ஊழியர் சம்பளத்துல தலையிட முடியாது."

சரி என்று அடுத்த வாரம் ஜுவனைல் போர்டு கூட்டத்துக்குப் போனேன். ஒரு சின்ன அறை, நீள மேசை, என்னைத் தவிரப் பார்வையாளர் ஒருவர். நீதிபதிகளில் ஒருவர், அவரும் மரியாதையாகத்தான்: "எங்களுக்கும் கொடுக்க ஆசைதான். கவுண்டி எவ்வளவு தருதோ அதுக்குள்ளதான் நாங்க பண்ண முடியும்."

இரண்டு பேர் சொன்னதும் பொய் இல்லை. அதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. ஆளுக்கொரு பக்கம் கை காட்டினார்கள், இரண்டு கையும் சட்டப்படி சரியான திசையில்தான் நீண்டிருந்தது.

அன்றைக்கு எனக்குத் தோன்றிய தீர்வு எளிமையானது. வரி வாங்குகிறவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், அவர்களே முழுச் சம்பளத்தையும் முடிவு செய்யட்டும், பொறுப்பு ஓர் இடத்தில் இருக்கட்டும் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து இதன் பழைய கதையைத் தேடிப் படித்த பிறகு அந்த எண்ணம் மாறியது.

உலகின் முதல் சிறார் நீதிமன்றம் 1899 ஜூலையில் சிகாகோவில், குக் கவுண்டியில் திறந்தது. அதை உருவாக்கிய இல்லினாய் சட்டம், நல்ல குணமும் விவேகமும் உள்ளவர்களை நன்னடத்தை அலுவலர்களாக நீதிமன்றம் நியமிக்கலாம் என்றது. அதே வாக்கியத்தின் வால், அவர்களுக்கு அரசுக் கருவூலத்திலிருந்து ஊதியம் எதுவும் கிடையாது என்றது. படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீதிமன்றத்துக்கு நீதிபதி உண்டு, அவருக்குச் சம்பளம் உண்டு. பிள்ளையின் வீட்டுப் படியேறுகிறவருக்கு மட்டும் இல்லை. அந்த வேலை தொண்டுள்ளம் கொண்ட யாராவது செய்கிற புண்ணியக் காரியம் என்று பிறந்த அன்றைக்கே எழுதி வைத்துவிட்டார்கள்.

பிறகு யார் கொடுத்தார்கள்? பெண்கள். சமூக சேவகி ஜேன் ஆடம்ஸ் நடத்திய ஹல் ஹவுஸ் என்ற சேவை இல்லத்தைச் சுற்றியிருந்தவர்களும் சிகாகோ மகளிர் மன்றத்தாரும் ஊரில் பணம் திரட்டினார்கள். ஹல் ஹவுஸில் வசித்த அல்சினா ஸ்டீவன்ஸ் அங்கே முதல் நன்னடத்தை அலுவலர்களில் ஒருவரானார். சின்ன வயதில் நெசவாலையில் வேலை செய்து ஒரு விரலை இழந்தவர் அவர், தொழிற்சங்கத்தில் வளர்ந்தவர். அலுவலர்களுக்குச் சம்பளம் கொடுப்பதற்கென்றே சிறார் நீதிமன்றக் குழு என்று ஒன்றை அமைத்தார்கள்; ஜூலியா லேத்ராப்பும் அவருக்குப் பின் லூயிஸ் டி கோவன் போவனும் தலைமை தாங்கினார்கள். மாதாமாதம் வசூல் செய்து மாதாமாதம் சம்பளம் போட்டார்கள். தன் வீட்டில் யாரும் வழக்கில் மாட்டாத பெண்கள், யாரோ பெற்ற பிள்ளைக்காகப் படியேறுகிறவருக்குப் படியளந்தார்கள்.

1905இல் சட்டம் திருந்தியது. கவுண்டியே சம்பளம் தரலாம் என்று வந்தது. எல்லோரும் மகிழ்ந்திருப்பார்கள். ஆனால் சம்பளம் கவுண்டி கைக்குப் போனதும் கவுண்டி கேட்கத் தொடங்கியது: நாங்கள்தானே கொடுக்கிறோம், ஆள் யார் என்பதையும் நாங்கள்தானே சொல்ல வேண்டும்? அன்றைய சிகாகோவில் அரசு வேலை என்பது கட்சிக்காரர்களுக்குப் பங்கு போடுகிற பொருள். 1911இல் கவுண்டி வாரியத் தலைவர் பீட்டர் பார்ட்சன் தலைமை நன்னடத்தை அலுவலர் ஜான் விட்டர் மேல் குற்றச்சாட்டுகளைச் சுமத்திப் பதவியிலிருந்து இறக்கினார். வழக்கு இல்லினாய் உச்ச நீதிமன்றம் வரை போனது. 1912இல் வந்த தீர்ப்பின் சாரம் இது: நன்னடத்தை அலுவலர் நீதிபதியின் கண்ணும் கையுமாக வேலை செய்கிறவர், அவரை நியமிப்பதும் நீக்குவதும் நீதித்துறையின் காரியம், நிர்வாகம் அதில் கை வைக்கக்கூடாது.

இங்கேதான் என் எளிய தீர்வு உடைந்தது. கார்டு வைத்திருந்த அந்தப் பையனின் மிஸ் நீதிபதி முன் நின்று "இவனை வீட்டுக்கு அனுப்பலாம்" என்று சொல்லும்போது, அவருடைய சம்பளத்தை முடிவு செய்கிறவர் அடுத்த தேர்தலில் 'குற்றவாளிகளிடம் கறார்' என்று சுவரொட்டி அடிக்கப் போகிறவராக இருந்தால், அந்த அம்மாவின் குரல் கொஞ்சம் நடுங்கத்தானே செய்யும்?

அப்படியானால் எல்லாவற்றையும் நீதிபதியிடமே விட்டுவிடலாமா? அதற்கும் பென்சில்வேனியாவின் லுசெர்ன் கவுண்டி சாட்சி சொல்கிறது. 2003 முதல் 2008 வரை அங்கே மார்க் சியாவரெல்லா என்ற சிறார் நீதிபதியும் மைக்கேல் கொனஹன் என்ற தலைமை நீதிபதியும் தனியார் சிறார் காப்பகத்தோடு தொடர்புடையவர்களிடமிருந்து 28 லட்சம் டாலருக்கு மேல் வாங்கிக்கொண்டார்கள். அற்பக் காரணங்களுக்காகப் பிள்ளைகள் விலங்கிட்டு அனுப்பப்பட்டார்கள். நன்னடத்தை அலுவலர்கள் அந்த நீதிமன்றத்தின் ஊழியர்கள். பதவி நீதிபதிகள் கையில். வழக்கறிஞர்களும் அரசுத் தரப்பும் அலுவலர்களும் அந்த அறையில் நடந்ததைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். வாய் திறந்தவர்கள் மிகச் சிலர். பிறகு மாநில உச்ச நீதிமன்றம் ஆயிரக்கணக்கான தீர்ப்புகளை ரத்து செய்தது, சியாவரெல்லாவுக்கு 28 வருஷம் சிறை. ஆனால் அந்தப் பிள்ளைகளுக்குப் போன வருஷங்களை யார் திருப்பித் தருவது?

ஆக, டெக்சஸ் சட்டம் அதிகாரத்தை இரண்டாகப் பிரித்து வைத்தது முட்டாள்தனம் இல்லை என்று இப்போது நினைக்கிறேன். நியமனம் ஒருவரிடம், பணப்பை இன்னொருவரிடம். ஒருவர் தவறினால் இன்னொருவர் தட்டிக் கேட்பார். நான் சண்டை போடுவது பிரிவினைக்கு எதிராக இல்லை. இரண்டு பேரும் ஒரே மேசையில் ஒருமுறைகூட உட்காராமல் வருஷத்தை ஓட்டுவதற்கு எதிராக. சட்டம் 'ஆலோசனையும் சம்மதமும்' என்கிறது. ஆலோசனை என்றால் பேச வேண்டும். எங்கள் கவுண்டியில் அது ஒரு தாளில் போய் ஒரு தாளில் திரும்பி வருகிறது. தாளில் ஒரு மொத்தத் தொகை இருக்கும். ஒரு பிள்ளைக்குப் பதினோரு மாதத்தில் எத்தனை கார்டு என்பது அதில் இருக்காது.

ஆள் மாறுவதால் என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். இரண்டாவது கார்டின் மிஸ் மோசமானவர் இல்லை. ஆனால் பையனின் பாட்டிக்கு ஆங்கிலம் வராது, ஸ்பானிஷ்தான் என்பது கோப்பில் இருந்தும் அவர் கண்ணில் படவில்லை. வாசலில் ஒரு சீட்டை ஒட்டிவிட்டுப் போனார். பாட்டிக்கு அது புரியவில்லை. பையன் ஒரு சந்திப்புக்குப் போகவில்லை. நிபந்தனை மீறல் என்று ஒரு வரி கோப்பில் ஏறியது. முதல் மிஸ் இருந்திருந்தால் பாட்டிக்கு ஒரு போன் போட்டிருப்பார். மூன்றாவது மிஸ் அந்த வரியிலிருந்துதான் அவனைப் படிக்கத் தொடங்கினார்.

இதையெல்லாம் என் கல்லூரித் தோழியிடம் புலம்பினேன். அவள் தமிழ்நாட்டில் ஒரு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் வேலை பார்க்கிறாள். சிகாகோவில் தொடங்கிய அந்த யோசனை நம் ஊருக்கும் சீக்கிரமே வந்துவிட்டது. 1920இலேயே சென்னை மாகாணத்துக்குக் குழந்தைகள் சட்டம் உண்டு. இப்போது 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டப்படி, பிள்ளையைப் பிடித்தவுடன் காவல்துறை நன்னடத்தை அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் இரண்டு வாரத்துக்குள் சமூக விசாரணை அறிக்கை தர வேண்டும். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவள் ஒரு வேலைவாய்ப்பு அறிவிப்பைப் படமெடுத்து அனுப்பினாள். சட்டம் சார்ந்த நன்னடத்தை அலுவலர், ஒப்பந்த அடிப்படை, தொகுப்பூதியம் மாதம் ரூ.27,804. குழந்தைகள் பாதுகாப்புக்கான மிஷன் வாத்சல்யா திட்டத்தில் செலவில் மத்திய அரசு 60 சதவீதம், மாநில அரசு 40. "எங்களுக்கும் ரெண்டு வாசல்தான்டி, ரெண்டும் ரொம்ப தூரத்துல இருக்கு" என்றாள். "உனக்காவது மூணு நிமிஷம் பேச இடம் குடுத்தாங்க." அதற்கு மேல் என்னால் புலம்ப முடியவில்லை.

செப்டம்பரில் பட்ஜெட் வாக்கெடுப்புக்கு முன்னால் இன்னொரு தரம் போனேன். இந்த முறை சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு கேள்வி மட்டும் எழுதிக்கொண்டு போனேன். கடந்த இரண்டு வருஷத்தில் எத்தனை அலுவலர்கள் போனார்கள், ஒவ்வொருவரும் போனபோது எத்தனை பிள்ளைகளின் கோப்பு கை மாறியது? அடுத்த பட்ஜெட்டுக்கு முன்னால் வாரியமும் கமிஷனர்களும் ஒரே அறையில் பொதுமக்கள் முன்னிலையில் ஒரு கூட்டம் போட முடியுமா? மஞ்சள் விளக்கு வருவதற்குள் முடித்துவிட்டேன். மிச்சமிருந்த நேரத்தில் மூன்று கார்டுகளைப் பற்றிச் சொன்னேன்.

முன்பு பதில் சொன்ன அதே கமிஷனர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பக்கத்தில் இருந்த கவுண்டி ஜட்ஜைப் பார்த்து, "நீங்க அந்த போர்டுலயும் இருக்கீங்கல்ல, இந்தப் பட்டியல் நம்மகிட்ட இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றார் அவர். எடுத்துத் தரச் சொல்வதாகச் சொன்னார். கூட்டக் குறிப்பில் அது பதிவாகியிருக்கிறது, நான் சரிபார்த்தேன்.

பட்டியல் இன்னும் வரவில்லை. ஜுவனைல் போர்டின் அடுத்த கூட்டம் வருகிற செவ்வாய்க்கிழமை காலை 8.30க்கு. ஆபீஸில் அரை நாள் லீவு சொல்லியிருக்கிறேன். இதே கவுண்டியில் இருக்கிற தமிழ்க்காரர்கள் நாலு பேர் கூட வந்தால் அந்தச் சின்ன அறை நிறைந்துவிடும்.